செஞ்சியில் மழை எப்படி?

செஞ்சிக் கோட்டைக்கு 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு புதிய கௌரவம் கிடைத்தது. மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ சபையார் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டார்கள். அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்முடைய செஞ்சி. அது முதல் வெளியூர் நண்பர்கள் நம்மை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "செஞ்சியைப் பார்க்க எந்த மாதம் வரலாம்? கிழக்குக் கடற்கரைப் பிரதேசமாயிற்றே, மழையில் அகப்பட்டுக்கொள்ள மாட்டோமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்லுவது அவ்வளவு சுலபமன்று. சீதோஷ்ண நிலையைப் பற்றிப் புஸ்தகத்தில் அச்சிட்டிருப்பது ஒன்று. ஊரில் இருக்கிறவன் தலைமேல் விழுவது வேறு. புஸ்தகத்தைப் பிரித்தால் 'வருஷச் சராசரி' என்று ஓர் எண் போட்டிருக்கும். செஞ்சிப் பிரதேசத்துக்கு அந்த எண் ஏறக்குறைய 100 சென்டிமீட்டர். பழைய கணக்கில் 40 அங்குலம். இந்தச் சராசரி என்பவர் ஒரு விசித்திரமான ஆசாமி. அவர் பெயரை எல்லோரும் சொல்லுகிறார்கள். அவரை நேரில் கண்டவர் யாரும் இல்லை.

லண்டன் மாநகரத்தைப் பாருங்கள். அவ்வூர்க் கனவான் ஒருவரைச் சித்திரம் வரையச் சொன்னால், நம் சித்திரக்காரர் முதலில் குடையை வரைந்துவிட்டுத்தான் கனவானை வரைவார். அப்பேர்ப்பட்ட லண்டனில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சுமார் 60 சென்டிமீட்டர்தான். செஞ்சியில் பெய்வதில் முக்கால் பங்குகூட இல்லை! ஆயினும் லண்டன்வாசி குடையும் கையுமாக நடக்கிறார். செஞ்சிக் குடியானவரோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். காரணம் மிகவும் எளியது. லண்டன் மழை வருஷத்தில் 110 நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிடப்படுகிறது. நம்முடைய மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அதை 'மழை நாள்' என்று வானிலை இலாகா கணக்கில் வைத்துக்கொள்ளும். அத்தகைய நாட்கள் இந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கும். அந்த ஐம்பதிலும் நாற்பது நாட்கள் தெருப் புழுதியை அடக்கிவிட்டுப் போய்விடும். ஏரியை நிரப்புவதும், கிணற்றை ஊறவைப்பதும், சுவரை இடிப்பதும், சாலையை அறுப்பதும் மீதியுள்ள சில இரவுகளின் வேலை.

ஆகையால், மழைப் பிரதேசம் என்று எண்ணிக்கொண்டு செஞ்சிக்கு வருகிறவர் முதலில் சந்திக்கப் போவது வெயிலைத்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் பிரம்மாண்டமான பாறைகளை யாரோ அள்ளிக் குவித்து வைத்தாற்போல் நிற்கின்றன. மரநிழலுக்கு அங்கே பஞ்சம். சித்திரை, வைகாசியில் சூரியன் அவற்றைக் காய்ச்சுகிற காய்ச்சலில், இரவு பத்து மணிக்குக்கூடப் பாறையில் சாய்ந்தால் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்ததுபோல் இருக்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு உச்சி வேளை தாண்டியதும் கடற்காற்று வந்து விசிறி வீசுகிறது. செஞ்சி கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி இருப்பதால், அந்தக் காற்று சாயங்காலத்துக்குமேல் களைத்துப்போய் வந்தாலும் வரும். வழியிலேயே தங்கிவிட்டாலும் தங்கிவிடும். (வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டுபோய்ப் புதுச்சேரிக் கடற்கரையில் நிறுத்தினார்கள் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நம்முடைய தூண்களுக்குக் கிடைத்திருக்கும் காற்று நமக்குக் கிடைக்கவில்லையே என்று வைகாசி மாதத்தில் நாம் பொறாமைப்படுவதுண்டு.)

ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள நீரையெல்லாம் மேற்கு மலைத் தொடருக்கு அப்பால் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. அப்படியும் அது நம்மை முழுவதும் ஏமாற்றிவிடுவதில்லை. பகலெல்லாம் புழுங்கிய பிறகு, மாலையில் மேற்கே மலைகளுக்கு மேல் கருமேகம் திரண்டு, இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டுப் போய்விடும். ஒரு கிராமத்தில் வாய்க்கால் ஓடும். அடுத்த கிராமத்தில் துணி உலரும். இந்த மாலை மழைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வருஷத்து மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. இதை நம்பித்தான் ஆடிப் பட்டத்தில் மானாவாரி மல்லாட்டை விதைக்கிறார்கள். மற்ற ஜில்லாக்களில் வேர்க்கடலை, நிலக்கடலை என்று சொல்லுவதற்குத்தான் இங்கே மல்லாட்டை என்று பெயர்.

பிறகு ஐப்பசி பிறக்கிறது. காற்று திசை திரும்புகிறது. அக்டோபர் மாதம் 20ந் தேதி வாக்கில் வடகிழக்குப் பருவம் தொடங்கவேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது வீட்டுக் கணக்கு. இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டு மாத காலம் ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வடகிழக்குப் பருவம் தொடர்ந்து நடத்தும் கச்சேரியன்று. வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு நிலை உண்டானால் மழை. அது கரையேறி அடங்கினால் பளிச்சென்று வெயில். சில வருஷங்களில் கார்த்திகை மாதத்தில் பத்துப் பதினைந்து நாட்கள் துளி மழை இராது. வானம் கழுவித் துடைத்தாற்போல் நீலமாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதில் ரொம்ப வருத்தம். தாழ்வு நிலை கரையேறுகிற இடம் வடக்கே நெல்லூர்ப் பக்கம் போய்விட்டால் செஞ்சிக்கு வறண்ட காற்று. தெற்கே நாகப்பட்டினத்துப் பக்கம் போனால் அரைவயிறு மழை. புதுச்சேரிப் பக்கம் வந்தால் ஆபத்து. வருஷ முழுவதற்குமான நம்முடைய நீர் இப்படி நாலைந்து சுழல்களின் மனப்போக்கைப் பொறுத்திருக்கிறது.

மல்லாட்டைக்காரர் கவலை இங்கே தனிக் கவலை. ஆடியில் விதைத்த கொடி ஐப்பசியில் பிடுங்குவதற்குத் தயாராக இருக்கும். அந்தச் சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால், மண்ணுக்குள் இருக்கும் முற்றிய கொட்டை அங்கேயே முளைத்துவிடும். பக்கத்து வயலில் சம்பா நட்டவரோ அதே மழைக்காகக் கோயிலில் விளக்கேற்றிக்கொண்டிருப்பார். ஒரே வரப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வேண்டுதல்கள்!

புதுச்சேரிப் பக்கம் வந்தால் ஆபத்து என்றோம். 2024ஆம் வருஷம் அது வந்தது. 'ஃபெஞ்சல்' என்று அந்தப் புயலுக்குப் பெயர். பெயர் கொடுத்தது சவூதி அரேபியா தேசம். இது புயலாக வலுக்காது, தாழ்வு மண்டலமாகவே கரையேறிவிடும் என்று முதலில் சொன்னார்கள். மறுநாளே அது புயலாயிற்று. நவம்பர் 30ந் தேதி, அதாவது கார்த்திகை 15ந் தேதி இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. காற்றின் வேகத்தைப் பொறுத்தவரையில் அது பெரிய புயலன்று. ஆனால் கரையேறிய பிறகு மேலே நகர மனமின்றிப் பல மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று. டிசம்பர் 1ந் தேதி காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர்! செஞ்சிக்குக் கிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில், குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறதே, அந்த மயிலந்தான். புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல்.

சராசரி ஆசாமியின் கணக்குப்படி ஆறு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே பகலிரவில் பெய்துவிட்டது. இதை இன்னொரு விதமாகச் சொல்லுகிறோம். 51 சென்டிமீட்டர் மழை என்றால், ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் இருபது லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர். நாலு பேர் உள்ள குடும்பம் தினம் ஐந்நூறு லிட்டர் செலவழித்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் காணும். அவ்வளவும் ஓர் ஏக்கரில், ஒரு நாளில்! நிலம் அதைக் குடிக்க முடியுமா? ஓடத்தான் செய்யும்.

மறுநாள் அதே மழை மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டிற்று. வழியில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். டிசம்பர் 2ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரைக் கிராமங்கள் மூழ்கின. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவேயுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தெற்கே போகும் ரயில்கள் நின்றன. அரசூரில் வெள்ளம் புரண்டு சென்னை - திருச்சி நெடுஞ்சாலை அறுந்தது. அந்த வாரத்தில் விழுப்புரம் ஜில்லாவைப் பார்த்தவர்கள் இதை மழைப் பிரதேசம் என்று சொன்னால் நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர்களே எட்டு வருஷம் முன்னதாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 2016ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கைப் புரட்டினாலும் அதைப்போல் மோசமான பருவம் அகப்படுவது அரிது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசம் என்று சர்க்கார் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய 2015இலோ வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு மழை. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டு வருஷங்களையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். நமது நண்பர் சராசரி வந்து, "எல்லோரும் சௌக்கியம்" என்று சொல்லுவார்.

பழமொழிகளையாவது நம்பலாமா என்றால், அவையும் சில சமயம் கைவிட்டுவிடுகின்றன. "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பார்கள். 2011ஆம் வருஷம் மார்கழி மாதம் பாதியில், டிசம்பர் 30ந் தேதி, 'தானே' புயல் வந்து கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கி எறிந்தது. கர்ணனைப் பற்றிய பாதி இன்னும் சரியாகவே இருக்கிறது என்று நம்புகிறோம்.

செஞ்சி மழையின் குணம் அந்நியர்களுக்குப் புரியாமல் போனது இன்று நேற்றல்ல. 1690ஆம் வருஷத்தில் ஔரங்கசீப் பாதுஷாவின் படைகள் ஜுல்பிகர் கான் தலைமையில் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டன. உள்ளே சிவாஜி மகாராஜாவின் குமாரர் ராஜாராம் இருந்தார். மொகலாயப் படையில் தளபத் ராவ் புந்தேலா என்ற சேனைத் தலைவரிடம் உத்தியோகம் பார்த்த பீம்சேன் என்பவர் பாரஸீக பாஷையில் நினைவுக் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். 1692ஆம் வருஷத்து மழைக்காலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், ஃபெஞ்சல் வாரத்துப் பத்திரிகைச் செய்தியோ என்று சந்தேகம் உண்டாகும். மழை அளவுகடந்து பெய்ததாம். தானிய விலை ஏறிப்போயிற்றாம். சிப்பாய்கள் பதுங்கு குழிகளில் இரவும் பகலும் கிடந்து அவதிப்பட்டார்களாம். கண்ணுக்கு எட்டிய வரையில் ஒரே ஏரியாகக் காட்சியளித்ததாம். வெளியிலிருந்து மராட்டியக் குதிரைப்படை வந்து நெருக்கிற்று. பாசறைக்குள்ளேயே மனஸ்தாபங்கள் வேறு. 1693 ஜனவரியில் ஜுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கோட்டை 1698இல்தான் விழுந்தது. சரித்திராசிரியர்கள் அந்த வெற்றி தோல்விகளுக்குப் பல காரணங்கள் சொல்லுகிறார்கள். கார்த்திகை மாதத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தால் தவறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் முறை. 1750இல் புஸ்ஸி ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இடையிலுள்ள சுமார் பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பிய சிப்பாய்களைப் பிரெஞ்சுக்காரர் இங்கே பறிகொடுத்ததாக ஆங்கிலச் சரித்திராசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். யுத்தத்திலல்ல, நோயில். கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் செஞ்சி என்று அப்போது பெயர். பாறை இடுக்குகளில் தேங்கிய மழைநீரும், அதில் பெருகிய கொசுவும், கொசு கொணர்ந்த விஷஜுரமும்தான் காரணமாயிருக்க வேண்டும் என்று நாம் இன்று ஊகிக்கலாம். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள சம்பந்தத்தை ரொனால்டு ராஸ் நம் தேசத்தில், சிகந்தராபாத்தில், கண்டுபிடித்தது 1897இல். அதுவரையில் பழி ஊர்க் காற்றின்மேல் கிடந்தது.

கோட்டை கட்டியவர்கள் இந்த மழையை நன்றாக அறிந்திருந்தார்கள். அதற்குச் சாட்சி இன்றும் கல்லில் இருக்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று குளங்கள். யானைகளுக்கென்று தனியே ஆனைக்குளம். எட்டு நிலைக் கல்யாண மகாலுக்கு வெளியே தூரத்திலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்ணூறு அடி உயரக் குன்றின்மேலும் மழைநீரைத் தேக்க இடம் செய்திருக்கிறார்கள். பீரங்கிக்கு முன்னால் எத்தனை நாள் தாங்கலாம் என்பதைவிட, மாசி முதல் ஆனி வரையில் எத்தனை நாள் தாங்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்திருக்கும். சில இரவுகளில் வந்து விழுவதை வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பாறைக்கே வயிறு வெட்டினார்கள்.

சமவெளியில் இந்த வேலையைச் செய்தவை ஏரிகள். தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. பழைய தென்னார்க்காட்டில் ஏரியில்லாத கிராமத்தை விரல்விட்டு எண்ணலாம். இவற்றின் அழகு என்னவென்றால், ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேலே கொட்டுகிற ஒரு ராத்திரி மழை, ஐந்தாறு ஊர்களைத் தாண்டிப் பிறகுதான் செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணியில் சேரும். நீர்க்கட்டி என்று ஒருவர் மதகைத் திறப்பதும் அடைப்பதும் பார்த்துக்கொள்வார். அறுவடைக் களத்தில் அவருக்குப் பங்கு நெல் உண்டு. கோடையில் ஊரார் சேர்ந்து வண்டல் எடுப்பார்கள். அந்த வண்டல் வயலுக்கு எரு; ஏரிக்கு ஆழம். 1959இல் சங்கராபரணியின் குறுக்கே வீடூர் அணை வந்தது நல்லதுதான். ஆனால் ஓர் அணை நூறு ஏரிகளின் வேலையைச் செய்துவிட முடியாது.

இப்போது பல ஏரிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கரை இருக்கிறது, கலங்கல் இருக்கிறது, வரத்து வாய்க்காலைக் காணோம். அது இருந்த இடத்தில் கருவேல முள் வளர்ந்திருக்கிறது, அல்லது மனைக்கல் நட்டிருக்கிறது. வாய்க்கால் வழியில்லாத வெள்ளம் வீட்டு வழியே போகிறது. ஏரி பாதிதான் நிரம்புகிறது. ஒரே கார்த்திகையில் வெள்ள நிவாரணம், அடுத்த சித்திரையில் தண்ணீர் லாரி. 2017இல் சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் திரும்பவும் எடுத்து ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கினார்கள். பெயர் பழையதாயிருந்தால் மட்டும் போதாது. தூர்வாரிய ஏரிக்குள் தண்ணீர் வருவதற்கு வாய்க்காலும் வேண்டும். இது ஜில்லா உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியாத விஷயமன்று. வாய்க்காலை மறித்தவர்களுக்கும் தெரியும்.

இனி நண்பர்களின் கேள்வி. சித்திரை, வைகாசியில் வரவேண்டாம். ஆடி, ஆவணியில் வரலாம். மூன்று மணிக்குள் மலையைவிட்டு இறங்கிவிடுங்கள், இடி பாறையில் விளையாடும். மார்கழியும் தையும் சௌகரியம். காலையில் மூடுபனி இருக்கும்போது ஏறத் தொடங்கினால் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தன்னைக் காட்டும். ஆனால் நம்மைக் கேட்டால், கார்த்திகையில் ஒரு பெருமழை ஓய்ந்த ஐந்தாம் நாள் வரச் சொல்லுவோம். கைப்பேசியில் 'மழைக்கு வாய்ப்பு 60 சதவிகிதம்' என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்; கடலில் சுழல் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜகிரியின் உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தால், எந்த ஏரி கரைமுட்ட நிறைந்து பளபளக்கிறது, எந்த ஏரி நடுவில் மட்டும் ஒரு குட்டையாய் நிற்கிறது என்பது வரைபடத்தில் பார்ப்பதுபோல் தெரியும். குடை வேண்டாம், உச்சிக் காற்றில் அது நிற்காது. குடிக்கத் தண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.